பால்கனியில் ஒரு கரையான் பெட்டி

அம்மாவின் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து அப்பாவுக்கு வைத்த நாளிலிருந்து நான் காற்றுக்குப் பயப்படுகிறவளாக ஆனேன். டெல்லியில் காற்றுக்குப் பயப்படாதவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். ஊரார் பயப்படுவது புகைக்கு. நான் பயந்தது அதில் மிதக்கும் பூஞ்சை வித்துகளுக்கு. ஈரம் கோத்த சுவர், கூலரின் புல் தட்டி, துளசித் தொட்டி மண், எதிர்வீட்டை இடித்துக் கட்டும்போது எழும் தூசு, எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. நாம் எல்லோரும் அவற்றை மூச்சோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம் உடம்பின் காவல்காரர்கள் அவற்றை அன்றன்றைக்கே தீர்த்துக்கட்டிவிடுகிறார்கள். அப்பாவின் உடம்பில் அந்தக் காவல்காரர்களை மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். விழித்திருந்தால் அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியன் என்று சொல்லி அடித்துத் துரத்திவிடுவார்கள்.

இந்த நிலைமையில் என் பிழைப்பு என்ன தெரியுமா? பூஞ்சை வளர்ப்பது. இன்னும் சரியாகச் சொன்னால், பூஞ்சை வளர்க்கும் கரையான்களை வளர்ப்பது.

கரையான் என்றால் அரித்துப்போன கதவு நிலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு டெல்லிக்கு நடுவே கிடக்கும் ரிட்ஜ் காட்டின் புற்றுகள் நினைவுக்கு வரும். அங்கே வாழும் கரையானுக்கு மரத்தையும் சருகையும் தானாகச் செரிக்கும் சாமர்த்தியம் அவ்வளவாகக் கிடையாது. அதனால் அவற்றை மென்று, புற்றுக்கு அடியிலிருக்கும் அறைகளில் அடை அடையாக அப்பி, அதன்மேல் ஒரு பூஞ்சையைப் பயிர் செய்கிறது. பூஞ்சை அதைச் செரித்துப் பதமாக்கித் தர, பிறகு கரையான் சாப்பிடுகிறது. அரைத்துப் புளிக்க வைத்துச் சாப்பிடுகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தோட்டம் என்று இருந்தால் களையும் இருக்கும். அந்த அடைக்குள்ளேயே வேறொரு பூஞ்சை, களைப் பூஞ்சை, தலைமறைவாகக் கிடக்கிறது. கரையான்கள் இருக்கும்வரை அது மூச்சுவிடாது. அதன் வாசனை லேசாக வந்தாலே போதும், வேலைக்காரக் கரையான்கள் ஓடிவந்து மண்ணைக் குழைத்து அந்த இடத்தை மூடிவிடும். அவற்றின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது களையை முடக்கும், பயிரைத் தொடாது. பயிரும் பூஞ்சை, களையும் பூஞ்சை. இருந்தும் அந்தப் பொருளுக்கு வித்தியாசம் தெரிகிறது. இந்த வித்தியாசம் எப்படித் தெரிகிறது என்பதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கரையான்களை எடுத்துவிட்டு அடையை மட்டும் தனியாக வைத்தால் சில நாட்களில் அதிலிருந்து கறுப்பு விரல்கள் முளைக்கும். மாணவியாக இருந்தபோது முதல்முறை அதைப் பார்த்து டப்பாவைச் சட்டென்று மூடிவிட்டேன். அதுவரை அந்த அடை அவ்வளவு சுத்தமாக, வெள்ளை மணிகள் பூத்து, மழை நேரத்து மண் வாசனையோடு இருந்தது.

அப்பாவின் மாத்திரைகளைப் பற்றிப் படித்தபோது அவற்றில் ஒன்று மண்ணில் வாழும் பாக்டீரியா சுரப்பது, இன்னொன்று ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வுபெற்றவர், எதையும் உடனே ஃபைலில் சேர்த்துவிடுகிறவர். "அப்பம் நானும் ஒன் கரையான் மாதிரிதான். அடுத்தவன் தயவுல வண்டி ஓடுது" என்றார். நான் சிரித்தேன். ஆனால் வித்தியாசம் எனக்குத் தெரியும். கரையானின் மருந்துக்குக் களை எது பயிர் எது என்று தெரியும். அப்பாவின் மருந்துக்கு அது தெரியாது. அம்மாவின் சிறுநீரகத்தை வாழவிடுகிற அதே மருந்து, போகிற போக்கில் எல்லாப் பூஞ்சைக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

அதனால் வீட்டில் சட்டம் போட்டேன். நாங்கள் மூன்று பேரும் கரோல் பாகில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஓய்வுபெற்று கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மெட்ரோவுக்குப் பக்கம் என்று பிடித்த வீடு அது. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் வாசலிலேயே செருப்பு, பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குப் போவேன். தலைக்குக் குளித்து வேறு துணி உடுத்தாமல் அப்பா இருக்கும் பக்கம் போகமாட்டேன். துளசித் தொட்டியை மொட்டை மாடிக்கு அனுப்பினேன், கூலரை விற்றேன். அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"எங்க மாமியாகூட இம்புட்டுத் தீட்டுப் பாத்ததில்லட்டி" என்பாள்.

அந்த வருஷம் டிசம்பரில் எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்தில் பழைய ஒயர்களை மாற்ற ஆரம்பித்தார்கள். சில வாரங்களுக்கு மின்சாரம் இல்லை. டெல்லிக் குளிரில் சூடு இல்லாமல் கரையான் கூட்டம் தாங்காது. ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப்போவது என்று முடிவானது. நான் ரொம்ப யோசித்தேன். பயிர்ப் பூஞ்சை மனிதனை ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில் அதன் காளானைத்தான் ஊரில் பறித்துக் குழம்பு வைக்கிறார்கள். களைப் பூஞ்சையும் மனிதனைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. கரையான்கள் ஆரோக்கியமாக இருக்கும்வரை அந்தப் பெட்டி எங்கள் சமையலறையைவிடச் சுத்தம். இதையே எனக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதிலேயே விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்று. அதற்குள் ஒரு மூலையில் சின்ன பல்பு, சூட்டைச் சமமாக வைக்கும் கருவி, ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர், நடுவே மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கரையான்களும் அவற்றின் அடைகளும். கண்ணாடி அடைத்த பால்கனியில் வைத்து, பால்கனிக் கதவையும் சாத்தினேன்.

"புத்தைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிட்டா. இனி பாம்பு எப்பம் வருதுன்னு பாக்கணும்" என்றாள் அம்மா.

"அம்மா, இதை யாரும் திறக்கக் கூடாது."

"நான் எதுக்குட்டி அதைத் தொறக்கப் போறேன்?"

அதற்குப் பிறகு குளிர் பிடித்துக்கொண்டது. பகலிலும் வெயில் இல்லாத மூடுபனி. அப்பா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, ரஜாயைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலேயே குடியிருந்தார். டெல்லியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மாதங்களில் பெரிய கவலை ஒன்று உண்டு. தோசை மாவு பொங்காது. ஒவ்வொரு வீட்டிலும் இதற்கு ஒரு வித்தை வைத்திருப்பார்கள். ஒருவர் கம்பளியில் சுற்றுவார், ஒருவர் ரூம் ஹீட்டருக்கு எதிரில் வைத்துக் காவல் இருப்பார், ஒருவர் கீசருக்குக் கீழே ஸ்டூல் போட்டு வைப்பார். இதைப் பற்றியே மணிக்கணக்காகப் போனில் பேசுவார்கள். அம்மாவின் மாவு வருஷா வருஷம் ஜனவரியில் சிமெண்ட் மாதிரிதான் கிடக்கும். அந்த வருஷம் மட்டும் பொங்கி வழிந்தது. தோசை ஓட்டை ஓட்டையாக, இட்லி தொட்டால் அமுங்குகிற மாதிரி வந்தது. அப்பா இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மாவுக்கு என்ன மந்திரம் போட்டம்மா?" என்று கேட்டேன்.

"கைராசிட்டி. ஒனக்கு அது வராது" என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். எனக்குத் தெரியாமல் இருவருக்கும் ஏதோ ஒரு ரகசியம் இருக்கிறது என்று தோன்றியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெட்டிக்குள் நிலைமை அவ்வளவு சரியாக இல்லை. கரையான்கள் மந்தமாகத் திரிந்தன. ஒருநாள் ஓர் அடையின் ஓரத்தில் கறுப்பு விரல் ஒன்று எட்டிப் பார்த்தது. முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு அந்த அடையை எடுத்துப் பொட்டலம் கட்டி வீட்டைவிட்டு வெளியேற்றினேன். குளிர் அலையும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சேர்ந்து சூட்டைக் கெடுத்துவிட்டன என்று முடிவு செய்தேன். கரையான்கள் சோர்ந்துபோனால் அந்தப் பெட்டியில் களை மட்டுமா வரும், எது வேண்டுமானாலும் வரும். ஆய்வுக்கூடத்தில் எப்போது மின்சாரம் வரும் என்று தினமும் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். இங்கே அப்பா இரும ஆரம்பித்தார்.

வறட்டு இருமல். குளிருக்கு எல்லோரும்தான் இருமுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். பிறகு காய்ச்சல் வந்தது. பாராசிட்டமாலுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. துப்பியதில் ரத்தக் கீற்று இருந்ததை அப்பா எங்களிடம் சொல்லவில்லை, நான் வாஷ்பேசினில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு வட்ட நிழல். அதைச் சுற்றி மங்கலான ஒரு வளையம். ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்து அது பூஞ்சை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் இளைஞர். வீட்டில் புறா கூடு கட்டியிருக்கிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா, மண் தொட்டி உண்டா, வீட்டில் யாராவது மண்ணில் வேலை செய்கிறவர்களா என்று வரிசையாகக் கேட்டார். நான் என் வேலையைச் சொன்னேன். பெட்டியையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, நீர் செலுத்தி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அம்மா அப்பாவுடன் இருக்க, நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். துணி எடுக்க வந்தேன் என்பது ஒரு சாக்கு. நேராகப் பால்கனிக்குத்தான் போனேன்.

பெட்டியின் மூடியைத் திறந்தேன். அவ்வளவு நாளும் நடுவிலிருக்கும் டப்பாவை மட்டும்தான் பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன். அன்று டப்பாவை வெளியே எடுத்து, டார்ச் அடித்து, பெட்டியின் உட்சுவரைப் பார்த்தேன். பல்புக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. அடிப்பகுதியில் வட்டமாக ஒரு பாத்திரத் தடம். வழிந்த கோட்டின் மேல் சாம்பலும் பச்சையுமாக மெல்லிய ரோமம் போல் ஒன்று படர்ந்திருந்தது. அந்த வெள்ளை என்ன என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. விரலால் உரசினேன். உதிர்ந்தது. மாவு. எங்கள் வீட்டுத் தோசை மாவு.

டெல்லி ஜனவரியில் வெதுவெதுப்பாக, ஈரப்பதத்தோடு, இரவு முழுக்க ஒரே சூட்டில் இருக்கிற ஒரு பெட்டியை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு தமிழ்நாட்டுக்காரியிடம் அதைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அது அங்கே நின்ற கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கியது. பஞ்சுக் குச்சியால் அந்த ரோமத்தை ஒற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடினேன். அது பழக்க தோஷம். பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி பால்கனியிலேயே வைத்துப் பூட்டினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமா, வச்சேன். கைய விட்டுப் பாத்தேன், அடுப்படி மாதிரி கதகதன்னு இருந்துச்சு. ராத்திரி வச்சிட்டு, காலைல நீ எந்திரிக்க முன்ன எடுத்துருவேன். ஒன் பூச்சி டப்பாவை நான் தொடலட்டி, சத்தியமா. பக்கத்துலதான் வச்சேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவியதான கதவைத் தொறந்து பிடிச்சிக்குவாவ. நான் பாத்திரத்தை வைக்கும்போது குனிஞ்சு பாத்துக்கிட்டே நிப்பாவ. டப்பாவுக்குள்ள என்னமா வேலை செய்யுது பாருன்னுவாவ. அந்தச் சூடும் அவியளுக்கு இதமா இருந்துச்சு."

சாப்பிட்டதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கொதிக்கிற ஆவியிலும் சுடுகிற கல்லிலும் எந்தப் பூஞ்சையும் பிழைக்காது. ஒவ்வொரு இரவும் அந்த மூடி திறக்கும்போது உள்ளேயிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றில் முகத்தை வைத்து, இதமாக மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிற அப்பாவைத்தான் நினைத்துப் பார்த்தேன். மூடியைத் திறக்கத் திறக்கக் குளிர் இறங்கி, கரையான்கள் சோர்ந்து, காவல் தளர்ந்துபோன பெட்டி. அதற்கு முன்னால் காவல் தளர்ந்த ஓர் உடம்பு.

"அதனாலயாட்டி?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா."

"ஒன் லேப்ல சோதிச்சுப் பாக்கலாம்லா?"

"பாக்கலாம்."

"பாரு. எனக்குத் தெரியணும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவின் படுக்கைப் பக்கம் போனாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நுரையீரல் நீரிலிருந்து வளர்ந்தது ஒரு சாதாரணப் பூஞ்சை. புகை நிறத்தில் பொடி பூத்து வளரும். உலகத்தில் அது இல்லாத இடம் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது, எதிர்வீட்டுக் கட்டட வேலையாகவும் இருக்கலாம், இந்த ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது. மாவின் மேல் படர்ந்திருந்த ரோமத்தின் நிறம் என் கண்ணிலேயே நின்றது. அந்த நிறத்தில் வேறு பல பூஞ்சைகளும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூஞ்சைக்கு மருந்து ஆரம்பித்தார்கள். அது மட்டும் போதாது என்று டாக்டர் எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு பேசினார். தூங்கும் காவல்காரர்களைக் கொஞ்சம் எழுப்பியாக வேண்டும், அதற்கு அப்பாவின் மாத்திரைகளை நன்றாகக் குறைக்க வேண்டும். எழுந்தால் அவர்கள் பூஞ்சையையும் அடிப்பார்கள், அம்மாவின் சிறுநீரகத்தையும் அடிக்கலாம். அடித்தால் மறுபடி டயாலிசிஸ். குறைக்காவிட்டால் பூஞ்சை மூளைக்குப் போகக்கூடும்.

அப்பா முகத்தில் மாஸ்க்கோடு படுத்திருந்தார். அதை விலக்கிவிட்டு, "வேண்டாம்" என்றார். டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்குத் தமிழில் சொன்னார். "அவ ஒடம்பை அறுத்துக் குடுத்தது. அதைப் பலி குடுத்து நான் பொழைக்கணுமா? மாத்திரை அப்படியே இருக்கட்டும். பூஞ்சை மருந்து கேக்குதான்னு பாப்போம்."

இந்த நோயில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கு எனக்குத் தெரியும். அதனாலேயே வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நான் அவரைக் குறைக்கச் சொல்லி, சிறுநீரகமும் போய் ஆளும் போய்விட்டால்? அம்மா டாக்டர் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷம் கறிகாய்க்காரர்களோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட இந்தியில், "டாக்டர் சாப், கிட்னி ஜாயே தோ ஜாயே. ஆத்மி ரஹ்னா சாஹியே" என்றாள். சிறுநீரகம் போனால் போகட்டும், ஆள் இருக்க வேண்டும். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா? அதைக் காப்பாத்தவா நீங்க இருக்கீய? நீங்க இருக்கத்தான அதைக் குடுத்தேன். கையெழுத்தைப் போடுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. காலையில் ரத்தம் எடுப்பார்கள், மதியம் ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட்டில் சிறுநீரகத்துக்கான எண் ஏறியிருக்கிறதா என்று நான் பார்ப்பேன், நான் பார்க்கும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். ஒருமுறை ஏறியது. அன்று அம்மா தன் இடுப்பின் தழும்பு இருக்கும் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே வராந்தாவில் நடந்தாள். அங்கே வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுநாள் எண் அங்கேயே நின்றது. அப்புறம் மெல்ல இறங்கியது. காய்ச்சல் விட்டது. நிழல் சிறுத்தது. இதையெல்லாம் நம்புவதற்கே எனக்குப் பயமாக இருந்தது, நம்பினால் கண்பட்டுவிடும் என்று என் படிப்பு முழுவதையும் மீறி நினைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் வந்திருந்தது. பெட்டியை அங்கே கொண்டுபோய், மிச்சமிருந்த கரையான்களையும் அடைகளையும் சேர்த்து அழித்தேன். ஆனால் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. பஞ்சுக் குச்சியிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் தேய்த்து, மூடி, வளர விட்டேன். பெட்டியில் அந்தப் புகை நிறப் பூஞ்சை இருந்தால்கூட அப்பாவுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று அறிவியல்படி நிரூபணமாகாது. இதை யாருக்கு வேண்டுமானாலும் நான் விளக்குவேன். அம்மாவுக்கு அந்த விளக்கம் உதவாது. இருந்தது என்று ஒரு சொல் போதும், மீதி ஆயுளுக்கும் அவள் கரண்டியைத் தொடும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். பெட்டியைக் கொண்டுவந்தவள் நான். எனக்கும் அந்த ஒரு சொல் போதும்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த வாரத்தில் ஒரு பிற்பகல் தட்டுகளைப் பார்க்கப் போனேன். வளர்ந்திருக்கும் என்று தெரியும். இந்த வேலையில் இத்தனை வருஷம் ஒரு தட்டைப் பார்க்காமல் விட்டதில்லை. விடுமுறையன்றுகூட ஓடிவந்து பார்த்திருக்கிறேன். அன்று தட்டுகளை வளர வைத்திருந்த அலமாரியின் கதவைத் திறந்தேன், தட்டுகளின் விளிம்பு மட்டும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் தடவி எடுத்து, பையில் போட்டு, வாயைக் கட்டி, எல்லாக் கிருமியையும் கொல்லும் ஆவிக் கொப்பரைக்குள் வைத்து மூடினேன். அழுத்தம் ஏறுகிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், எதற்காக உட்கார்ந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கை நின்றது.

"பாத்தியாட்டி?"

"பாக்கலைம்மா. பாக்காமலே அழிச்சிட்டேன்."

அவள் கையிலிருந்த கீரைக் காம்பை இரண்டாக ஒடித்தாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லது" என்றாள். "சோதிச்சுப் பாருன்னு ஒங்கிட்ட சொன்ன நாள்லேருந்து, நீ பாத்துறக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு இருந்தேன்."

உள்ளறையில் அப்பா இருமினார். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, அடுத்த இருமல் வருகிறதா என்று காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.